ஒற்றை விளக்கும் ஒரு வாக்குமூலமும்

கையில் ஒரு படக்கருவி, நான்கைந்து நண்பர்கள், வார விடுமுறை நாள்கள், சொந்தப் பணத்தில் ஒரு சிறு தொகை. இவற்றை மட்டுமே முதலாகக் கொண்டு படமெடுக்க முனையும் இளைஞர் பலரும் விரும்பித் தேர்ந்துகொள்ளும் வகைகளுள் ஒன்று, 'ஃபிலிம் நுவார்' என்று பிரெஞ்சு மொழியில் பெயர் பெற்ற இருட்படம். காரணம் வெளிப்படை. இருட்டுக்கு விலை இல்லை. பெரிய அரங்கம் வேண்டாம்; கூட்டம் வேண்டாம்; ஓர் அறையும் ஒரு விளக்கும் ஒரு குற்றமும் இருந்தால் போதும் என்று தோன்றும். ஆயினும் இவ்வாறு எடுக்கப்படும் படங்களுள் பல ஒன்றையொன்று ஒத்திருக்கக் காண்கிறோம். சன்னல் தடுப்பின் வரிவரியான நிழல் முகத்தில் விழும், புகை சுருளும், தொப்பி அணிந்த ஒருவன் நனைந்த தெருவில் நடப்பான். நிழல் இருக்கும், அந்த நிழலுக்கு உரியவன் இருக்கமாட்டான்.

இக்குறை ஏன் நேர்கிறது? கதைக்கருவை ஓரிடத்திலும் காட்சி நடையை வேறிடத்திலும் தேடுவதால் நேர்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. நுவாரின் சிறந்த படங்களை ஊன்றிப் பார்த்தால், அவற்றில் கதை சொல்லப்படும் முறையும் ஒளி அமைக்கப்படும் முறையும் ஒரே வேலையைச் செய்வது விளங்கும். இரண்டுமே ஒரு பகுதியைக் காட்டி மறுபகுதியை மறைக்கின்றன. இந்த உறவை உணர்ந்தவருக்குப் பணமின்மை ஒரு தடையன்று. உணராதவருக்கோ எத்துணைப் பணம் இருந்தாலும் அது தொப்பிக்கும் புகைக்குமே செலவாகும்.

வாரத்தில் ஒரு நாள்

'ஃபிலிம் நுவார்' என்ற பெயரை அமெரிக்கர் வைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது செருமானியர் பிடியில் இருந்த பிரான்சு நாட்டுக்கு அமெரிக்கப் படங்கள் ஆண்டுக்கணக்கில் வரவில்லை. போர் முடிந்து அவை மொத்தமாக வந்திறங்கியபோது, அவற்றுள் சில முன்னில்லாத இருளைச் சுமந்து நிற்பதைப் பாரிசுத் திறனாய்வாளர் கண்டனர். 1946-இல் நினோ ஃபிராங்க் என்பவர் எழுதிய கட்டுரையே இப்பெயரை நிலைநாட்டியது எனலாம். படமெடுத்தவர்களோ தாம் எடுப்பது இன்ன வகை என்று அறியாமலே எடுத்தனர். இது நம் இளைஞர் கருதத்தக்கது. ஒரு வகையைப் போலச் செய்வோம் என்று எவரும் அன்று புறப்படவில்லை.

அந்த இருளை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றவருள் பலர், இட்லரின் ஆட்சிக்கு அஞ்சியோ அதற்குச் சற்று முன்னரோ ஐரோப்பாவை விட்டு வெளியேறியவர்கள். அவர்களுள் மூவரைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். ராபர்ட் சியோட்மாக், எட்கர் உல்மர், பில்லி வைல்டர் ஆகிய இம்மூவரும் இளமையில் பெர்லின் நகரில் ஒன்றுகூடி எடுத்த படம் ஒன்று 1930-இல் வெளிவந்தது. 'மென்ஷென் ஆம் சோன்டாக்', அதாவது 'ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்' என்பது அதன் பெயர். நடித்தோர் எவரும் தொழில்முறை முதன்மை நடிகர் அல்லர். வாடகைக்கார் ஓட்டுநர், மது விற்பனையாளர், இசைத்தட்டுக் கடையில் பணிபுரியும் பெண் எனத் தத்தம் வாழ்வையே நடித்துக் காட்டினர். வார நாள்களில் அவரவர்க்கு வேலை இருந்தமையால் ஞாயிற்றுக்கிழமைகளிலேயே படப்பிடிப்பு நடைபெற்றது. ஏரிக்கரை, வெயில், சிரிப்பு ஆகியவை நிறைந்த படம் அது; இருட்படம் அன்று. ஆயினும் பின்னாளில் இருளின் ஆசான்களாக விளங்கியோர் இந்தப் பயில்முறைப் பள்ளியிலிருந்து வந்தவர்கள் என்பது சிந்திக்கத்தக்கது. கையில் இருப்பதைக் கொண்டு, உண்மையான இடத்தில், உண்மையான முகங்களைப் பார்க்கும் பழக்கத்தை அவர்கள் அங்கே பெற்றனர்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து இலண்டனில் இதே முறை திரும்பியது. கிறிஸ்டோபர் நோலன் தம் முதல் முழுநீளப் படமான 'ஃபாலோயிங்'கைச் சனிக்கிழமைகளில் எடுத்தார். நண்பர்களே நடிகர்கள், அவர்களுக்கும் வார நாள்களில் வேலை இருந்தது. 16 மில்லிமீட்டர் கறுப்பு வெள்ளைப் படச்சுருள்; படக்கருவியைத் தாமே இயக்கினார்; தெரிந்தவர் வீடுகளே களம். ஏறத்தாழ 6000 டாலர் என்று சொல்லப்படும் செலவில் பெரும்பகுதி படச்சுருளுக்கே போயிற்று. 1998-இல் வெளிவந்த, 70 நிமிடத்துக்கும் குறைவான அப்படம் இன்றும் பயில்முறை நுவாருக்கு முதன்மைச் சான்றாக நிற்கிறது. அதன் நிறையும் குறையும் நமக்குப் பாடமாகும். அவற்றைக் காணுமுன் கதைக்கருவைப் பற்றிச் சில சொல்லவேண்டும்.

சொல்கிறவன் யார்?

நுவார்க் கதைகளுள் மிகப் பல ஒரு வாக்குமூலமாகவே அமைந்துள்ளன. பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி' (1944) படத்தில், காப்பீட்டு முகவன் ஒருவன் தோளில் குண்டுக் காயத்தோடு நள்ளிரவில் தன் அலுவலகத்துக்கு வந்து, குரல் பதியும் கருவியின் முன் அமர்ந்து, தன் குற்றத்தைத் தன் மேலலுவலருக்குச் சொல்லத் தொடங்குகிறான். உல்மரின் 'டீட்டூர்' (1945) படத்தில், சாலையோர உணவுக்கடையில் குந்தியிருக்கும் ஒருவன் தனக்கு நேர்ந்ததை மனத்துக்குள் நமக்குச் சொல்கிறான். 'ஃபாலோயிங்' ஓர் இளைஞன் மூத்தவர் ஒருவரிடம் தன் செயலுக்கு விளக்கம் கூறுவதில் தொடங்குகிறது. தமிழிலும் இதற்குச் சான்று உண்டு. வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கி 1954-இல் ஏ.வி.எம். வெளியிட்ட 'அந்த நாள்' படத்தில், சென்னையில் குண்டு விழுந்த 1943-ஆம் ஆண்டுச் சூழலில் ஒரு வானொலிப் பொறியாளன் சுட்டுக்கொல்லப்படுகிறான். அவனைச் சுற்றியிருந்தோர் ஒவ்வொருவராகத் தாம் அறிந்ததைச் சொல்கின்றனர். பாட்டும் நடனமும் இல்லாத அப்படத்தில், பேச்சும் முகமும் நிழலுமே பார்வையாளரைக் கட்டி நிறுத்துகின்றன.

வாக்குமூலம் என்றதும் நம் வாசகர்க்கு ஒப்புரவு அருட்சாதனம் நினைவுக்கு வருவது இயல்பு. அந்த நினைவு இங்கே திறனாய்வுக்கும் உதவுகிறது. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஆன்ம சோதனை வேண்டும், மனத்துயர் வேண்டும், பாவத்தை அறிக்கையிடவேண்டும், பரிகாரமும் வேண்டும் என்று சிறுவயதிலேயே கற்றோம். நுவார் நாயகனிடம் இவற்றுள் அறிக்கை மட்டும் இருக்கிறது. அவன் பேசுகிறான், நிறையப் பேசுகிறான். ஆனால் அவன் அறிக்கையிடுவது பெரும்பாலும் பிறர் பாவத்தை. அவள் என்னைத் தூண்டினாள், அவன் என்னை ஏமாற்றினான், ஊழ் என்னைத் துரத்தியது என்பதே அவன் பேச்சின் சாரம். முழந்தாளில் நின்றுகொண்டு அண்டை வீட்டாரின் குற்றங்களைப் பட்டியலிடும் மனிதனை அருட்தந்தையர் அறிவர். நாமும் நம்முள்ளேயே அவனை அறிவோம். நுவாரின் ஆழமான பொருள் இந்தத் தன்னேய்ப்புதான். துப்பாக்கி அதற்கு ஒரு சாக்கு.

எனவே இருட்படம் எடுக்க விழைபவர் முதலில் தேடவேண்டியது ஒரு கொலையை அன்று. சொல்கிறவன் ஒருவனைத் தேடவேண்டும். அவன் யாரிடம் சொல்கிறான்? இத்தனை நாள் சொல்லாமல் இன்றிரவு ஏன் சொல்கிறான்? எதை மட்டும் சொல்லாமல் விடுகிறான்? இக்கேள்விகளுக்கு விடை கிடைத்தால் கதை பாதி கிடைத்தது போன்றதே. குற்றமோ அவனது அன்றாடத் தொழிலிலிருந்தே முளைக்கவேண்டும். 'டபுள் இன்டெம்னிட்டி'யின் குற்றம் காப்பீட்டு ஒப்பந்தத்தின் ஓர் உட்பிரிவிலிருந்து பிறக்கிறது. சில அரிய விபத்துகளில் இறந்தால் இருமடங்குத் தொகை என்னும் அந்த விதியை, நாள்தோறும் அதை விற்பவனே நன்கறிவான். தொழிலின் ஓட்டை தெரிந்தவனுக்கே சோதனை வருகிறது. சீட்டுக் கணக்கு எழுதுகிறவரும் மருந்துக்கடையில் இரவுப் பணி பார்ப்பவரும் தத்தம் தொழிலில் இத்தகைய ஓட்டைகளை அறிந்திருப்பர். அமெரிக்கத் துப்பறிவாளனின் தொப்பியைக் கடன் வாங்குவதைவிட, அறிந்த தொழிலின் கணக்கேட்டைத் திறப்பது மேல்.

படம் சாட்சி சொல்கிறது

சொல்கிறவன் மறைப்பதைப் பார்வையாளர் எவ்வாறு அறிவது? இங்கேதான் காட்சி நடை வருகிறது. 'டீட்டூர்' இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு.

ஆலிவுட்டின் பெரிய நிறுவனங்களுக்கு வெளியே, 'வறுமை வரிசை' என்று கேலியாக அழைக்கப்பட்ட சிறு நிறுவனங்களுள் ஒன்று இப்படத்தை எடுத்தது. ஆறே நாளில் எடுத்ததாக உல்மர் பின்னாளில் சொன்னதை ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை. ஆயினும் நாளும் பணமும் மிகக் குறைவு என்பதில் ஐயமில்லை. கதை இது. நியூயார்க்கில் பியானோ வாசிக்கும் ஆல் என்பவன், தொலைவில் இருக்கும் காதலியைக் காண வழிப்போக்கனாய் வண்டிகளில் தொற்றிச் செல்கிறான். அவனை ஏற்றிக்கொண்ட ஆஸ்கெல் என்பவன் வழியில் இறந்துபோக, கொலைப்பழி தன்மேல் விழும் என்றஞ்சி, உடலை மறைத்து, அவனது உடையையும் வண்டியையும் பெயரையும் எடுத்துக்கொள்கிறான். பின்பு வேரா என்ற பெண்ணை வண்டியில் ஏற்றுகிறான். அவளோ ஆஸ்கெலை அறிந்தவள். அவள் அவனை மிரட்டத் தொடங்குகிறாள். இறுதியில் பூட்டிய கதவின் வழியே அவன் இழுக்கும் தொலைபேசிக் கம்பி அவள் கழுத்தை இறுக்கிவிடுகிறது. இரண்டு சாவும் தற்செயல் என்பது அவன் வாக்குமூலம்.

அவன் சொல்லை நம்பினால் வேரா ஒரு பிசாசு. ஆனால் படத்தைப் பாருங்கள். ஆஸ்கெலின் கையில் ஆழமான நகக்கீறல்கள் இருக்கின்றன. வண்டியில் ஏற்றிய பெண் ஒருத்தி கீறியதாக அவனே சொல்கிறான். அந்தப் பெண் வேராதான் என்று பின்னர் அறிகிறோம். தனித்த சாலையில் ஒரு பெண் எதற்காக அவ்வாறு கீறியிருப்பாள்? அவள் அடிக்கடி இருமுகிறாள். உடலில் தீரா நோய் இருப்பது தெரிகிறது. சொல்கிறவனின் பேச்சில் இரக்கத்துக்கு இடமில்லை. அந்தக் கீறலிலும் இருமலிலும் இருக்கிறது. வேராவாக நடித்த ஆன் சாவேஜின் முகம், அவனது வாக்குமூலத்தை எதிர்த்து நிற்கும் ஊமைச் சாட்சி. செலவில்லாமல் கிடைத்த இந்த முரண்பாடுதான் அப்படத்தை வாழவைக்கிறது.

வறுமை அங்கே எப்படி நடையாக மாறியது என்பதையும் நோக்குவோம். நியூயார்க் தெருவை அமைக்கப் பணம் இல்லை. ஆகவே பனிமூட்டத்தில் இருவர் நடக்கின்றனர். அவ்வப்போது ஒரு விளக்குக் கம்பம் மட்டும் தெரிகிறது. எதிர்காலம் தெரியாத இருவரின் நடை அது என்பதால், அந்த மூட்டம் பொருளும் தருகிறது. உணவுக்கடையில் அவன் நினைவில் ஆழும்போது சுற்றிலும் ஒளி மங்கி, கண்களின்மேல் மட்டும் ஒரு கீற்று நிற்கிறது; அவன் முன்னிருக்கும் குவளை பூதாகாரமாய்த் தோன்றுகிறது. இதற்கு வேண்டியது ஒரு விளக்கும், மற்ற விளக்குகளை அணைக்கும் ஒரு கையும், அளவிற் பெரிய ஒரு குவளையும். வேரா இறந்தபின் படக்கருவி அறைப் பொருள்கள்மேல் ஒவ்வொன்றாகச் செல்கிறது. ஒவ்வொன்றும் மங்கித் தெளிகிறது. குற்றம் செய்தவன் தடயத்தைத் தேடும் பார்வை அது. ஒரு வெட்டும் இல்லாமல், குவியத்தைத் திருப்பியே அவன் உள்ளம் காட்டப்படுகிறது.

சில இடங்களில் படச்சுருள் இடவலமாகத் திருப்பி அச்சிடப்பட்டிருப்பதால், வண்டிகள் சாலையின் தவறான பக்கத்தில் ஓடும். நாயகன் மேற்கு நோக்கிச் செல்வதைத் திரையில் ஒரே திசையில் காட்டவே அப்படிச் செய்தனர். இது பிழைதான். ஆனால் தன்னை நேர்வழியன் என்று சொல்லிக்கொள்பவன் உலகம் முழுவதும் தலைகீழாக ஓடுவதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது.

விதியும் மனச்சான்றும்

கத்தோலிக்கருக்கும் இவ்வகைப் படங்களுக்கும் வரலாற்றில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. அமெரிக்கத் திரைப்படங்களை 1930-க்குப் பின் ஆண்ட ஒழுக்க விதித்தொகுப்பை வரைந்தவருள் முதன்மையானவர் இயேசு சபை அருட்தந்தை டேனியல் லார்ட். அவருடன் உழைத்தவர் கத்தோலிக்கப் பொதுநிலையினரும் பதிப்பாளருமான மார்ட்டின் குவிக்லி. 1934 முதல் அவ்விதிகளைக் கண்டிப்புடன் செயற்படுத்திய ஜோசப் பிரீனும் கத்தோலிக்கரே. குற்றத்தின்பால் பார்வையாளரின் பரிவு செல்லக்கூடாது. குற்றம் செய்யும் முறையை விளக்கமாகக் காட்டக்கூடாது. குற்றவாளி தண்டனைக்குத் தப்பக்கூடாது. 1968-இல் தரவரிசைச் சான்று முறை வரும்வரை இவ்விதிகள் பெயரளவிலேனும் நீடித்தன.

இவ்விதிகள் நன்மை செய்தனவா, தீமை செய்தனவா? நுவாரைப் பொறுத்தவரை இரண்டும் உண்டு. நேரடியாகக் காட்டக்கூடாது என்ற தடை, குறிப்பாற் காட்டும் கலையை வளர்த்தது. 'டபுள் இன்டெம்னிட்டி'யில் காருக்குள் கணவன் கொல்லப்படும்போது, நாம் காண்பது வண்டி ஓட்டும் மனைவியின் முகம் மட்டுமே. பார்பரா ஸ்டான்விக்கின் அந்த அசையாத முகம் எந்தக் குருதியையும் விடக் கொடியது. ஜோசப் எச். லூயிசின் 'கன் கிரேசி' (1950) படத்தில் வங்கிக் கொள்ளை நடக்கிறது. ஆனால் படக்கருவி வண்டியின் பின்னிருக்கையை விட்டு இறங்குவதே இல்லை. வெளியே காத்திருப்பவரின் பதற்றமே கொள்ளையாகிறது. வங்கியின் உட்புறத்தை அமைக்கும் செலவும் இல்லை. பணமில்லாத இன்றைய இளைஞருக்கு இதைவிட நல்ல பாடம் எது?

ஆனால் தண்டனை பற்றிய விதி வேறொன்றைச் செய்தது. 'டீட்டூர்' முடிவில் ஒரு காவல் வண்டி வந்து நாயகனை ஏற்றிச் செல்கிறது. விதி நிறைவேறிவிட்டது, மனச்சான்று அசையவில்லை. அவன் கடைசிவரை ஊழையே குறை கூறுகிறான். வெளியிலிருந்து ஒட்டவைக்கப்பட்ட நீதி ஒரு படத்தை ஒழுக்கமுள்ளதாக்காது என்பதற்கு இது சான்று. அப்படத்தின் உண்மையான ஒழுக்கம், முன்னே சொன்ன நகக்கீறலில் இருக்கிறது. அதைக் கண்டு, சொல்கிறவனை ஐயுற்று, பின் நம்மையும் ஐயுறத் தொடங்கும்போது, எந்த அலுவலரும் விதிக்க முடியாத ஓர் ஆன்ம சோதனை நமக்குள் நிகழ்கிறது. குற்றவாளி பிடிபடுகிறான் என்பதைக் கொண்டே ஒரு படத்தை நல்ல படம் என்று முத்திரையிடும் வழக்கம் நம்மிடையே இன்றும் இருப்பதால் இதை வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

இரண்டு தொடக்ககாலப் படங்கள்

நிழற்படக்காரராய் இதழொன்றில் பணிபுரிந்த ஸ்டான்லி குப்ரிக், உறவினரிடமும் தெரிந்தவரிடமும் பணம் திரட்டி 'கில்லர்ஸ் கிஸ்' (1955) எடுத்தபோது அவருக்கு இருபத்தைந்து வயதைச் சுற்றியே இருக்கும். ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் அவரே. நியூயார்க் தெருக்களிலேயே பெரும்பகுதி எடுத்தார். உரையாடலைப் பின்னரே சேர்த்தார். காட்சிக் கண் ஒவ்வொரு சட்டகத்திலும் தெரிகிறது. இறுதியில், துணிக்கடைப் பொம்மைகள் குவிந்த கிடங்கில் இருவர் கோடரியும் ஈட்டிக்கம்பும் கொண்டு மோதுகின்றனர். உடைந்த பொம்மைக் கைகால்கள் சிதறுகின்றன. மனித உடல் பண்டமாகிவிட்ட நகரத்தின் உருவகம் அது. எவரும் மறக்கமுடியாத காட்சி. ஆனால் சண்டையிடும் இருவரும் யாவர் என்பதை மறந்துவிடுகிறோம். குத்துச்சண்டைக்காரனும் நடன அரங்குப் பெண்ணும் பேசுகிறார்கள்; எதையும் மறைப்பதில்லை. மறைப்பதற்கு அவர்களிடம் எதுவும் இல்லை. ஒளி மறைப்பதும் கதை மறைப்பதும் இணையாமையால், அழகிய நிழற்படங்களின் கோவையாக அது நின்றுவிடுகிறது.

நோலனின் 'ஃபாலோயிங்' இதற்கு நேர்மாறான முனையில் நிற்கிறது. வேலையில்லாத ஓர் இளைஞன், எழுத்தாளனாகும் ஆசை உடையவன், தெருவில் முன்பின் அறியாதவர்களைப் பின்தொடர்கிறான். அவர்கள் அவனுக்குக் கதைப்பொருள். ஒருவரை இருமுறை தொடரக்கூடாது என்று தனக்கு விதித்துக்கொண்ட விதியைத் தானே மீறும்போது, காப் என்னும் திருடன் அவனைக் கண்டுகொள்கிறான். இருவரும் பிறர் வீடுகளில் நுழைகின்றனர். பொருளுக்காக மட்டுமன்று, பிறர் அந்தரங்கத்தைப் பார்ப்பதற்காக. ஒவ்வொருவரும் தம் நினைவுப் பொருள்களை ஒரு பெட்டியில் வைத்திருப்பர் என்று காட்டி, அதைக் கலைத்துப்போடுகிறான் காப். தம் வீட்டில் திருடு போனபோது, வந்தவர்கள் தம் பொருள்களைப் பார்த்து என்ன நினைத்திருப்பர் என்று எண்ணியதே இக்கருவுக்கு வித்து என நோலன் கூறியிருக்கிறார். நல்ல கதைக்கரு எங்கே பிறக்கிறது என்பதற்கு இது சான்று. திருட்டைவிடத் திருடனின் பார்வை அவரை உறுத்தியது.

இப்படத்தின் நடையும் கருவிலிருந்தே வந்தது. தாங்கி இல்லாமல் கையிலேந்திய படக்கருவி, பின்தொடர்பவனின் மூச்சைப் போல அசைகிறது. விளக்குகளுக்குப் பணமில்லாததால் சன்னலோர வெளிச்சமே பெரிதும் பயன்படுகிறது. முகத்தின் பாதி இயல்பாகவே இருளில் ஆழ்கிறது. படச்சுருள் விலை அதிகம் என்பதால் நடிகரைப் பன்முறை ஒத்திகை பார்த்து, ஒவ்வொரு காட்சியையும் ஓரிரு முறையிலேயே எடுத்தனர். கதை முன்னும் பின்னுமாகக் கலைத்துச் சொல்லப்படுகிறது. எனினும் நீண்ட முடியோடு அழுக்கு உடை, வெட்டிய முடியோடு கறுப்பு உடுப்பு, அடிபட்ட முகம் என்னும் மூன்று தோற்றங்களைக் கொண்டே எக்காலம் என்று அறிந்துகொள்கிறோம். ஒரு சவரக்கடைச் செலவில் முடிந்த உத்தி!

குறை எங்கே? கதையின் பொறி மிக நுட்பமாகச் சுழல்வதால், அதில் அகப்பட்ட பெண்ணுக்கு மூச்சுவிட இடமில்லை. படத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை, பொன்முடியாள் மட்டுமே. ஏமாற்றவும் ஏமாறவும் இறுதியில் கொல்லப்படவும் அவள் தேவைப்படுகிறாள். 'டீட்டூர்' வேராவுக்கு இருந்த கீறலும் இருமலும் இவளுக்கு இல்லை. பிறரைக் கதைப்பொருளாக மட்டும் பார்க்கும் இளைஞனைக் கண்டிக்கும் படம், தன் நாயகியைத் தானே கதைப்பொருளாகப் பார்த்துவிடுகிறது. வீடு கலைக்கப்பட்டவர்களின் துயரத்துக்கும் அது திரும்புவதில்லை. இருபத்தேழு வயதில் ஒருவர் எடுத்த முதற்படத்தில் இது பெருங்குற்றமன்று. ஆயினும் இந்த நுட்பத்தை மட்டும் வியந்து பின்பற்றுவோர் இந்தக் குறையையும் சேர்த்தே கற்றுக்கொள்கின்றனர்.

விளக்கை அணைக்கும் கலை

ஒளியமைப்பைப் பற்றிச் செயல்முறையாகவும் சில சொல்வோம். வழக்கமான முறையில் மூன்று விளக்குகள் உண்டு. முகத்தைக் காட்டும் முதன்மை ஒளி. அது உண்டாக்கும் நிழலைத் தணிக்கும் நிரப்பொளி. ஆளைப் பின்புலத்திலிருந்து பிரிக்கும் பின்னொளி. நுவார் இவற்றுள் நிரப்பொளியை நீக்குகிறது அல்லது மிகக் குறைக்கிறது. அவ்வளவே அதன் மந்திரம். அங்கேரியில் பிறந்து ஆலிவுட்டில் பணிசெய்த ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன், 1949-இல் ஒளிப்பதிவு பற்றி நூலே எழுதியவர். 'தி பிக் காம்போ' (1955) படத்தின் இறுதியில் பனிமூட்டமும் பின்னே ஒரு பெருவிளக்கும் இரு கரிய உருவங்களும் மட்டுமே இருக்கக் காண்கிறோம். எதை ஒளியிலிருந்து விலக்குவது என்று தெரிந்த கை அது.

இன்றைய எண்ணியல் படக்கருவிகளின் இடர்ப்பாடு வேறு. அவை இருட்டிலும் அளவுக்கு மீறிப் பார்க்கின்றன. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே நிரப்பொளியாகி நிழலைக் கெடுத்துவிடும். ஆதலால் விளக்கு வாங்குவதற்குமுன் கறுப்புத் துணி வாங்கவேண்டும். முகத்தின் இருண்ட பக்கத்தில் அதைத் தொங்கவிட வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுப்பதாயின், நிறம் வேறான இரு பொருள்கள் ஒரே சாம்பல் நிறமாய்க் கலந்துவிடக்கூடும். சிவப்புச் சேலையும் பச்சைச் சுவரும் ஒன்றாகிவிடும். எடுக்கும்போதே நிறமற்ற திரையில் பார்த்துக்கொள்வது நலம். சேமிப்பு அட்டைக்குப் படச்சுருளின் விலை இல்லை என்பதால் எண்ணற்ற முறை எடுக்கத் தோன்றும். ஆனால் ஒத்திகையின் பயனை அது தராது.

இவை யாவும் கைத்திறன். இவற்றுக்குமேல் ஒரு கேள்வி இருக்கிறது. ஒவ்வொரு காட்சியிலும் விளக்கை வைக்குமுன் கேட்கவேண்டியது: இவன் தன்னைப்பற்றி எதைச் சொல்ல மறுக்கிறான்? அதை எந்தப் பொருளின்மேல், எந்த முகத்தின்மேல் வெளிச்சம் காட்டிக்கொடுக்கும்? விடை ஒரு கீறலாக இருக்கலாம்; ஒரு பழைய பெட்டியாக இருக்கலாம். அந்த இடத்தில் மட்டும் ஒளி விழட்டும்.

'டபுள் இன்டெம்னிட்டி'யின் முடிவுக்காக, நச்சுவாயு அறையில் நாயகனுக்கு மரணதண்டனை நிறைவேறும் காட்சியை வைல்டர் பெரும்பொருட்செலவில் எடுத்தார். பின்பு அதை முழுவதும் நீக்கிவிட்டார். இப்போது படம் முடிவது அலுவலக வாசலில். படம் நெடுகிலும் மேலலுவலர் கீய்ஸ் சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு தீக்குச்சி தேடுவார். இளையவனே தன் விரல் நகத்தில் உரசிப் பற்றவைப்பான். இறுதியில் வாசற்படியில் சரிந்து கிடக்கும் அவன் சிகரெட்டைப் பற்றவைக்க முயன்று இயலாமற்போக, குனிந்து தீக்குச்சியை உரசுகிறவர் கீய்ஸ். வாக்குமூலத்தைக் கேட்டவர் அவர், குற்றத்தை மன்னித்துவிட்டதாக ஒரு சொல்லும் சொல்லவில்லை, காவலரையும் அழைத்தாயிற்று. ஆயினும் அந்தச் சிறு சுடரில் இரண்டு முகங்கள் தெரிகின்றன. பெரும் பணம் விழுங்கிய நீதிக் காட்சியைவிட, ஒரு தீக்குச்சி அங்கே மிகுதியாகச் சொல்லிவிட்டது.